கலைச்சொல்: பக்கம் மாற்றிப் பூட்ட முடியாத உதிரிப்பாகத்துக்கு என்ன பெயர்?

ஹட்டனிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். கராஜில் வேலை பழகும் பிள்ளைகளுக்காகத் தொகுக்கும் சொற்பட்டியலில் முன்சக்கரப் பகுதிக்கு வந்துவிட்டேன். ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்கிற பழைய பிரித்தானியக் காருக்கு மாற்றுப் பாகங்கள் எடுப்பதை உதாரணமாக வைத்திருக்கிறேன். சுருள்வில், நிமிர்தண்டு (முன்சக்கரத்தைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும் தண்டு) வரை பிரச்சினையில்லை. கெட்டலொக்கில் சில பாகங்களுக்குப் பக்கத்தில் ‘ஹேண்டட்’ என்று போட்டிருக்கிறது. இடப்பக்கத்துக்கு உரியது வலப்பக்கத்துக்குப் போகாது என்று அர்த்தம். ‘இணைப் பாகம்’ என்று எழுதலாமா?

பண்டாரவளையிலிருந்து:

தம்பி, ‘இணை’ வேண்டாம். முன்பக்கச் சுருள்வில்கள் இரண்டும் இணைதான். ஒன்று தளர்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவோம், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாயும். ஆனால் புதுச் சோடியில் எதை எந்தப் பக்கம் போட்டாலும் ஒன்றுதான். அதற்குச் ‘சோடி’ போதும். நீங்கள் கேட்பது வேறு சங்கதி.

ட்ரனியனை, அதாவது நிமிர்தண்டின் அடியைப் பிடித்திருக்கும் மூட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிட்ஃபயரில் நிமிர்தண்டின் அடியில் திருகுப்புரி வெட்டியிருக்கும். அது வெண்கல ட்ரனியனுக்குள் திருகி இறங்கி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்புவது அந்தப் புரியில்தான். இடப்பக்கத்துக்கு இடம்புரி, வலப்பக்கத்துக்கு வலம்புரி. புதுப் பாகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் இரண்டும் முதற்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். நிமிர்தண்டை நேராகப் பிடித்துப் பாருங்கள்: வரிகள் வலக்கைப் பக்கமாக ஏறினால் வலம்புரி, இடக்கைப் பக்கமாக ஏறினால் இடம்புரி. ட்ரனியனில் புரி உள்ளே இருப்பதால் கண்ணை நம்பாமல் தண்டில் திருகிப் பார்ப்பதே நல்லது.

ரம்பொடை வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இந்தப் புரி ஓய்வதே இல்லை. ஈரம் உள்ளே போய், எண்ணெயும் இல்லாமல் துருப்பிடித்தால் தண்டு அந்த இடத்தில்தான் முறியும், சக்கரம் மடிந்து உள்ளே போய்விடும். தயாரித்தவர்கள் அதற்குச் சொன்னது இ.பி. 90 கியர் எண்ணெய். நம் கராஜ்களில் கிரீஸ் கன்னை எடுத்து அடித்துவிட்டுப் போகிறார்கள். கெட்டியான கிரீஸ் புரியின் அடிவரை இறங்காது. சொற்பட்டியல்தான் என்றாலும் இதை ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்போது சொல்லுக்கு வருவோம். நம் ஆட்கள் ‘டிரைவர் பக்கம்’, ‘கிளீனர் பக்கம்’ என்கிறார்கள். இங்கே டிரைவர் பக்கம் வலது. ஆனால் ஸ்பிட்ஃபயர்கள் பெருந்தொகையாய்ப் போனது அமெரிக்காவுக்கு. அங்கே கெட்டலொக்கில் டிரைவர் பக்கம் என்றால் இடது. அதைப் பார்த்து ஓடர் கொடுத்தால் கதை கந்தல். வெறுமனே ‘இடம்’, ‘வலம்’ என்றாலும், பொனட்டைத் திறந்து வண்டிக்கு எதிரே நிற்கிற பையனுக்கு அவனுடைய வலது வண்டியின் இடது.

மாட்டுவண்டிக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். நுகத்தில் வலப்பக்கம் பூட்டுகிற மாடு வலத்தை, இடப்பக்கத்து மாடு இடத்தை. வண்டியில் உட்கார்ந்து முன்னால் பார்க்கிறவனுடைய கணக்கு அது. எதிரே வந்து நின்றாலும் வலத்தை வலத்தைதான். ஆகவே ‘வலத்தை நிமிர்தண்டு’, ‘இடத்தை ட்ரனியன்’.

பதுளையிலிருந்து:

அண்ணன், அழகான சொற்கள்தான். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் நுகத்தில் பூட்டிய மாட்டைக் கண்டிருக்கிறார்கள்? லொறியும் ட்ரக்டரும்தான் அவர்களுக்குத் தெரியும். வலம்புரிச் சங்கு என்றால் யாருக்கும் தெரியும். நீங்களே சொன்ன வலம்புரி, இடம்புரியையே எல்லாப் பாகத்துக்கும் வைத்துவிட்டால் என்ன?

பண்டாரவளையிலிருந்து:

புரி இருக்கிற பாகத்துக்குச் சரி, தங்கச்சி. பிரேக் கலிப்பரை, அதாவது பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தை, என்ன செய்வீர்கள்? அதையும் பக்கம் மாற்றிப் பூட்ட முடியாது. மாற்றிப் பூட்டினால் பிரேக் எண்ணெயிலிருந்து காற்றெடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் போய்விடும். காற்று மேலே தங்கும், எத்தனை தடவை பெடலை மிதித்தாலும் பஞ்சு மாதிரி அமுங்கும். அங்கே பக்கத்தைத் தீர்மானிப்பது புரி இல்லை. ஸ்டியரிங் ஆமும் அப்படித்தான், அது வளைந்திருக்கும் விதம்தான் பக்கத்தைச் சொல்கிறது. வலம்புரி என்று எழுதினால் பையன் இல்லாத புரியைத் தேடுவான்.

மாட்டைக் கண்டிராவிட்டாலும் ‘வலத்தை’யில் வலம் இருக்கிறதே. கேட்டவுடன் பாதி விளங்கும், மீதியைப் பாஸ் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் போதும்.

பதுளையிலிருந்து:

சரி, கலிப்பரில் மடக்கிவிட்டீர்கள். ஆனால் வலத்தையும் இடத்தையும் இரண்டு பக்கங்களுக்கான பெயர்கள். ‘ஹேண்டட்’ என்கிற குணத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையே? தம்பி கேட்டது அதைத்தானே. என் பங்குக்கு: ‘ஒருபக்கப் பாகம்’. ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியது. அதற்குக் கீழே வலத்தை, இடத்தை வரட்டும்.

இன்னொன்று. ஜி.டி.6 காரின் நிமிர்தண்டும் பார்வைக்கு ஸ்பிட்ஃபயருடையது போலவே இருக்கும், ஆனால் அதற்குப் பெரிய கலிப்பர், சக்கரம் சுழலும் அச்சுமுனையும் தடித்தது. பக்கம் சரியாக இருந்தும் மாடல் பிழைத்தால் பொருந்தாது. அதற்கும் சொல் தேடிக்கொண்டு போகாமல், ‘எந்த மாடல்’ என்று ஒரு நிரல் போட்டுவிடுங்கள்.

ஹட்டனிலிருந்து:

அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. இப்படிப் போட்டிருக்கிறேன், யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் எழுதுங்கள்:

ஒருபக்கப் பாகம்: வண்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பொருந்தும் உதிரிப்பாகம். சாரதி ஆசனத்தில் முன்னோக்கி உட்கார்ந்தபடி பார்க்க, வலப்பக்கத்துக்குரியது வலத்தை, இடப்பக்கத்துக்குரியது இடத்தை. எ-டு: நிமிர்தண்டு, ட்ரனியன், ஸ்டியரிங் ஆம், பிரேக் கலிப்பர். சுருள்வில் இதில் அடங்காது, ‘சோடி’ பார்க்க.

கியர் எண்ணெய் வரியை ட்ரனியனுக்குக் கீழே சேர்த்துவிட்டேன். அடுத்த கிழமை பின்அச்சு.