விமர்சகர்கள் கிழித்த படம் மூணாவது வாரம் தாங்குமா? முதல் திங்களுக்குள் கண்டுபிடிக்க வழி உண்டா?

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை_டாக்கீஸ்

பாலக்காடு மாவட்டத்தோட கிழக்கு ஓரம், வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கமுங்க. ஒரே ஸ்க்ரீன், 400 சீட், நாலு ஷோ. படம் பார்க்க வர்றவங்க முக்காவாசி தமிழ் பேசுறவங்க. மலையாளப் படமும் விடாம பார்ப்பாங்க. தமிழ்ப் படம் இங்க டப்பிங் இல்லாம தமிழ்லயேதான் ஓடுது.

விஷயம் இதுதான். ரெண்டு ஸ்டார் வாங்கின பேய்ப் படம் ரெண்டாவது ஞாயிறும் நிரம்புது. நாலு ஸ்டார் வாங்கின படத்துக்கு செவ்வாய்க்கிழமை மேட்னியில 30 பேர். வியாழக்கிழமைக்குள்ள அடுத்த வாரத்துக்கு எந்தப் படம், எத்தனை ஷோன்னு சொல்லியாகணும். விமர்சனத்தைப் பார்த்து முடிவு பண்ணினா பாதி தடவை தப்பாகும்னா, வேற எதைத்தான் பார்க்கிறது? விடியக்காலை 4 மணி ஷோ கூட்டத்தை நம்பலாமா? டிஸ்ட்ரிப்யூட்டர் சொல்றதை எவ்வளவு தூரம் எடுத்துக்கலாம்? தெரிஞ்சவங்க கணக்கோட சொல்லுங்க.

டிசிஆர்_கணக்கு

ஸ்டாரை விடுங்க. திங்கட்கிழமை டி.சி.ஆரை (தினசரி வசூல் அறிக்கையை) பாருங்க. முதல் திங்கள் தலை எண்ணிக்கை, முதல் வெள்ளியின் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் நின்றால் படத்தைப் பற்றி வெளியே நல்ல பேச்சு இருக்கிறது என்று பொருள். கால்வாசிக்குக் கீழே போனால் வந்தது நடிகருக்கான கூட்டம், படத்துக்கானது இல்லை. திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் செவ்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். ரூபாயில் ஒப்பிடாதீர்கள். முதல் நாள் டிக்கெட் விலை வேறாக இருக்கும், ஷோ எண்ணிக்கையும் வேறாக இருக்கும். ஒரு ஷோவுக்கு எத்தனை தலை என்பதுதான் கணக்கு.

உங்கள் 400 சீட்டையே வைத்துப் போட்டுப் பார்க்கலாம். நாளைக்கு 1600 டிக்கெட். டிக்கெட் 130 ரூபாய் என்றால் 18% ஜி.எஸ்.டி. போக சுமார் 110. கேரளத்தின் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் செஸ்ஸும் தனி, இங்கே சேர்க்கவில்லை. ஷேர் (டிஸ்ட்ரிப்யூட்டர்:தியேட்டர்) முதல் வாரம் 60:40, அடுத்தது 55:45, மூன்றாவது 50:50 என்று வைத்துக்கொள்வோம். இந்த 60:40 பற்றிப் பழைய சண்டையே உண்டு. 2016 டிசம்பரில் கேரளத் தியேட்டர்காரர்கள் 50:50 கேட்டுத்தான் புதுப் படங்களை நிறுத்தினார்கள்.

படம் அ: பெரிய நடிகர். வெள்ளி முதல் ஞாயிறு வரை 90%, திங்கள் முதல் வியாழன் வரை 20%. முதல் வாரம் 5600 டிக்கெட். இரண்டாவது வாரம் வார இறுதி 25%, மற்ற நாள் 8%. அது 1712 டிக்கெட். தியேட்டர் பங்கு 2.46 லட்சமும் 0.85 லட்சமும், மொத்தம் 3.31 லட்சம்.

படம் ஆ: விமர்சகர்கள் திட்டிய குடும்பப் படம். வெள்ளி 35%, சனி 50%, ஞாயிறு 70%, மற்ற நாள் 35%. முதல் வாரம் 4720 டிக்கெட். இரண்டாவது வாரம் வார இறுதி 65%, மற்ற நாள் 30%. அது 5040. தியேட்டர் பங்கு 2.08 லட்சமும் 2.49 லட்சமும். இரண்டே வாரத்தில் 4.57 லட்சம். மூன்றாவது வாரம் 3680 டிக்கெட் போனால், பங்கு 50% ஆகிவிடுவதால் இன்னொரு 2.02 லட்சம்.

இப்போது இதையே டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கமிருந்து பாருங்கள். முதல் வாரத்தில் அவருக்கு அ தருவது 3.70 லட்சம், ஆ தருவது 3.12 லட்சம். அவர் அ படத்தைத் தள்ளுவார், அதில் தவறும் இல்லை. அவருடைய பணம் முதல் வாரத்தில் இருக்கிறது, உங்களுடையது இரண்டாவது மூன்றாவது வாரத்தில். விமர்சனம் பாதிப்பது பெரும்பாலும் முதல் மூன்று நாளைத்தான். அதனால் விமர்சனத்தைப் பார்த்து அவர் பதறுகிற அளவுக்கு நீங்கள் பதற வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் ஹோல்டோவர் தொகையை மட்டும் கவனமாகப் படியுங்கள். வார வசூல் அதற்குக் கீழே இறங்கினால் படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிடலாம். அதிகமாக எழுதியிருந்தால் மெதுவாக ஏறுகிற படத்தை ஒரு மழை வாரத்திலேயே தூக்க அது இடம் கொடுத்துவிடும். ஜூன், ஜூலையில் பாலக்காட்டு மழைக்கு இரண்டாம் ஆட்டம் எப்படியும் அடிவாங்கும். அந்த மாதங்களுக்குத் தொகையைக் குறைத்துப் பேசுங்கள்.

மூணாவது_வரிசை

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் "ஸ்டாரை விடுங்க" என்பதை ஏற்க முடியாது. விமர்சகர் எதைக் குறை சொல்கிறார் என்று படித்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. எத்தனை ஸ்டார் என்பது உதவாது, எந்தக் குறை என்பது உதவும்.

வாரத்துக்கு மூன்று நான்கு படம் பார்ப்பவருக்கு முதல் எரிச்சல், முன்பே பார்த்தது மறுபடி வருவது. வருடத்துக்கு ஐந்தாறு படம் மட்டும் தியேட்டரில் பார்க்கும் குடும்பத்துக்கு அது குறையே இல்லை. பல நேரம் அதற்காகத்தான் வருகிறார்கள். எனவே "பழைய பாணி", "லாஜிக் இல்லை", "உரக்கக் கத்தும் நகைச்சுவை", "மிகையான அழுகை" என்று எழுதியிருந்தால் உங்கள் ஊரில் அந்தப் படம் பிழைக்கும். "இரண்டாம் பாதி இழுவை", "யார் யாரென்று குழப்பம்", "கிளைமாக்ஸ் எடுபடவில்லை" என்று மூன்று நான்கு பேர் ஒரே மாதிரி எழுதினால் பயப்படுங்கள். அவை பார்வையாளரும் அதே மாதிரி உணரும் குறைகள், இரண்டே நாளில் வாய்வழியாகப் பரவிவிடும். இடைவேளையில் வெளியே வருபவர் முகம் மலர்ந்திருந்து, படம் முடிந்து வருபவர் பேசாமல் பார்க்கிங் போனால் இந்த இரண்டாவது வகைதான்.

"காஞ்சனா 3" 2019 ஏப்ரல் 19-ல் வந்தது. "அரண்மனை 4" 2024 மே 3-ல். இரண்டுக்கும் விமர்சகர்களிடம் பெரிய மரியாதை கிடைக்கவில்லை, இரண்டும் ஓடின. இரண்டுமே பேயும் சிரிப்பும் கலந்தவை, இரண்டுமே பள்ளி விடுமுறையில் வந்தவை. இரண்டாவது படத்துக்கு இன்னொரு வசதி: 2024-ன் முதல் நான்கு மாதம் தமிழில் பெரிய வெற்றி எதுவும் இல்லாததால், பழைய "கில்லி"யை ஏப்ரலில் மறுபடி போட்டு அரங்கு நிரப்பிக்கொண்டிருந்த நேரம். போட்டி இல்லாத வாரம் எந்த விமர்சனத்தையும் விழுங்கிவிடும். ஆகவே படத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் என்ன ஓடுகிறது என்பதையும் பாருங்கள். நோன்பு மாதத்தில் மலையாளத்தில் பெரிய படங்கள் ஒதுங்கி, பெருநாளுக்குத்தான் வரும். அந்த இடைவெளியில் ஒரு சுமாரான தமிழ்ப் படம்கூட உங்களுக்குத் தாங்கும்.

மெதுவாக ஏறுவதற்கு வெளியூர்க் கணக்கு ஒன்று வேண்டுமானால், "தி கிரேட்டஸ்ட் ஷோமேன்". 2017 டிசம்பரில் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 88 லட்சம் டாலர்தான். விமர்சனம் பாதிக்குப் பாதி. கடைசியில் அமெரிக்க வட்டாரத்தில் மட்டும் சுமார் 17.4 கோடி டாலர். பாட்டுக்காக மறுபடி மறுபடி வந்தார்கள். "ஷோலே"யையும் 1975 ஆகஸ்டில் முதல் வாரத்திலேயே தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. அது பம்பாய் மினர்வாவில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடியது.

சதவீத மதிப்பெண் போடும் தளங்களை வாசிக்கத் தெரிய வேண்டும். ராட்டன் டொமேட்டோஸில் 90% என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் இல்லை. நூறு விமர்சகரில் 90 பேர் "பார்க்கலாம்" என்றார்கள், அவ்வளவே. தொண்ணூறு பேரும் சுமார் என்றிருந்தாலும் 90% வரும். அங்கே 59% வாங்கிய "சூப்பர் மாரியோ பிரதர்ஸ்" 2023-ல் 130 கோடி டாலரைத் தாண்டியது. முதல் நாள் தியேட்டர் வாசலில் சீட்டுக் கொடுத்துக் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோரில் அதற்கு 'ஏ' கிரேடு கிடைத்திருந்தது. ஐ.எம்.டி.பி. தளத்தில் பார்வையாளர்கள் போடும் மதிப்பெண்ணின் சராசரியைப் பார்க்க வேண்டாம், பரவலைப் பாருங்கள். 1-லும் 10-லும் மட்டும் குவிந்திருந்தால் அது ரசிகர் சண்டை. 6 முதல் 8 வரை கனமாக இருந்தால் உண்மையாகவே பார்த்தவர்கள் போட்டது.

விடியக்காலை_வாளையார்

4 மணி ஷோ பத்தி யாரும் சொல்லலையே.

தமிழ்நாட்டுல முதல் ஷோ 9 மணிக்குத்தான். "லியோ" 2023 அக்டோபர் 19-ல கேரளாவுல 4 மணிக்கே ஆரம்பிச்சாச்சு. அந்த அஞ்சு மணி நேரத்துக்காகக் கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பசங்க வாளையார், கோபாலபுரம் தாண்டி வருவாங்க. அந்தக் கூட்டம் உங்க ஊர்க் கூட்டமில்லீங்க. பத்து மணிக்கெல்லாம் அவங்க அவங்க ஊருக்குப் போயாச்சு. ரெண்டாவது நாள் வர மாட்டாங்க. அதனால விடிகாலை ஷோவை முதல் நாள் கணக்குல சேர்க்காதீங்க, தனிப் பத்தியில எழுதுங்க. சேர்த்தா வெள்ளிக்கிழமை வீங்கும், மேல சொன்ன திங்கள் கணக்குல நல்லா நிக்கிற படம்கூட விழுந்த மாதிரி தெரியும்.

இன்னொண்ணு. அந்த ஷோவுல போனைத் தூக்கிப் பேசுறவங்க பேச்சு 9 மணிக்கு முன்னாடியே தமிழ்நாடு பூரா பரவிரும். அது விமர்சனமும் இல்ல, ஜனங்க கருத்தும் இல்ல. தூக்கமில்லாதவன் பேச்சு. பாராட்டுனாலும் திட்டுனாலும் பாதிதான் எடுத்துக்கணும். கேரளா ஹைகோர்ட் நியமிச்ச அமிகஸ் க்யூரி (கோர்ட்டுக்கு உதவுற வக்கீல்) 2024-ல படம் ரிலீசாகி 48 மணி நேரம் வ்லாகர்கள் விமர்சனம் வேண்டாம்னு சிபாரிசு பண்ணினாரு. சென்னை ஹைகோர்ட்ல மூணு நாள் தடை கேட்டப்ப 2024 டிசம்பர்ல இடைக்காலத் தடை தர மறுத்துட்டாங்க. நமக்கு அதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல, குடும்பமா வர்றவங்க பக்கத்து வீட்டைக் கேட்டுத்தான் வர்றாங்க.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை_டாக்கீஸ்

ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். முன்பதிவு ஆப்ல சீட் மேப் பார்த்தா காலியாத்தான் இருக்குது, ஆனா ஷோ நிரம்புது. மத்த ஊர்த் தியேட்டரை அதை வெச்சு எப்படி எடை போடுறது?

டிசிஆர்_கணக்கு

போட முடியாது. பேய்ப் படம், குடும்பப் படத்துக்கு வருபவர்கள் கவுண்டரில்தான் எடுப்பார்கள், அதுவும் ஷோவுக்கு 20 நிமிடம் முன்னால். நட்சத்திரப் படத்தில் நேர் எதிர்: மேப் சிவப்பாக இருக்கும், அதில் மன்றத்துக்காரர்கள் மொத்தமாக எடுத்து வைத்தவையும் அடக்கம், உள்ளே வரிசை வரிசையாகக் காலி. பாலக்காட்டுச் சித்தூர், பொள்ளாச்சி பக்கம் மேனேஜரிடம் பேசும்போது "எப்படிப் போகுது" என்று கேட்காதீர்கள், நல்லா போகுது என்றுதான் பதில் வரும். திங்கள் மேட்னியில் எத்தனை டிக்கெட், கேன்டீன் தலைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தலை குறைந்து கேன்டீன் குறையாமல் இருந்தால் பிள்ளைகளோடு வருகிறார்கள். சனி, ஞாயிறு ஏறும்.

விலையும் ஒரு கருவி. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5%, அதற்கு மேல் 18%. அடிப்படை 100 வைத்தால் பார்ப்பவர் தருவது 105, உங்கள் கையில் நிற்பது 100. இப்போதைய 130-ல் நிற்பது 110. பார்ப்பவருக்கு 25 ரூபாய் குறைய, உங்களுக்குக் குறைவது 10 மட்டும். நாலு பேர் குடும்பத்துக்கு அது நூறு ரூபாய். மூன்றாவது வாரம் குடும்பப் படத்துக்கு விலை இறக்க டிஸ்ட்ரிப்யூட்டரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிடித்த படத்துக்குத்தான் இது வேலை செய்யும். விழுந்த படத்தை விலை தூக்கி நிறுத்தாது.

ஆரம்பாக்கம்_தடா

ஆந்திரா பக்கத்துக் கணக்கு கொஞ்சம் வேற. கும்மிடிப்பூண்டி தாண்டி தடா, சூளூர்பேட்டை போனா நெல்லூர் ஏரியா. நகரி, புத்தூர் பக்கம் சீடட் (ராயலசீமா விநியோக ஏரியா). அங்க நம்ம படம் தெலுங்கு டப்பிங்லதான் ஓடும். இங்க விமர்சனத்துல அடிவாங்கின படம் அங்க புதுசா பிறக்கும், ஏன்னா தமிழ் விமர்சனம் யாரும் படிக்கிறதில்ல. நடிகர் மேல இருக்கிற எதிர்பார்ப்பும் அங்க கம்மி. "ஆயிரத்தில் ஒருவன்" 2010 பொங்கலுக்கு வந்தப்ப தமிழ்ல ரெண்டு மாதிரியா பேசினாங்க. தெலுங்குல "யுகானிக்கி ஒக்கடு"ன்னு போய் நல்லாவே ஓடுச்சு. அதனால உங்க ஊருக்குத் தெலுங்குப் படம் தமிழ் டப்பிங்ல வந்தா ஐதராபாத் ரேட்டிங்கைப் பார்க்காதீங்க. டப்பிங் டிரெய்லரை சவுண்டோட ஒரு தடவை போட்டுப் பாருங்க. வாயசைவு ஒட்டலன்னாலும் பரவாயில்ல, காமெடி வசனம் தமிழ்ல விழுதா இல்லையான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும்.

கியூப்_ஆபரேட்டர்

ரெண்டு விஷயம் மட்டும்.

கே.டி.எம். (படத்தைத் திறக்கிற டிஜிட்டல் கீ) வாரக் கணக்குக்குத்தான் வரும், உங்க சர்வர் நம்பருக்குப் பூட்டினது. ரெண்டாவது வாரம் தொடர்றதா இருந்தா புதன் சாயங்காலத்துக்குள்ள டிஸ்ட்ரிப்யூட்டரோட ரெப்கிட்ட சொல்லிருங்க. வியாழன் ராத்திரி கேட்டா வெள்ளி காலை ஷோ கேன்சல். படத்தை எடுத்துட்டு "நல்லா போகுதாமே"ன்னு சனிக்கிழமை திரும்பக் கேட்டாலும் புது கீ வேணும். ஹார்ட்டிஸ்க்கைத் திருப்பி அனுப்பினாலும் சர்வர்ல இருக்கிற படத்தை உடனே அழிக்காதீங்க.

ரெண்டாவது, சத்தம். "காதைக் கிழிக்குது"ன்னு விமர்சனத்துல எழுதியிருந்தா அது உங்க கையில இருக்கிற குறை. 2024 நவம்பர்ல "கங்குவா" வந்தப்ப இந்தப் புகார்தான், தயாரிப்பாளரே தியேட்டர்ல ரெண்டு பாயிண்ட் குறைக்கச் சொன்னாரு. டால்பி பிராசஸர்ல (ஹால் சத்தத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி) 7 தான் ஸ்டாண்டர்டு அளவு. 4-க்கு மேல ஒரு பாயிண்டுக்கு சுமார் 3.3 டெசிபல், ரெண்டு பாயிண்ட் குறைச்சா ஆறரை டெசிபலுக்கு மேல குறையும். ஆனா ஒரேயடியா 4-க்கு இறக்கிடாதீங்க, சண்டை அடங்கும், வசனமும் சேர்ந்து அமுங்கும், அப்புறம் "ஒண்ணும் கேக்கல"ன்னு கிளம்புவாங்க. முதல் ஷோ 5.5-ல ஓட்டுங்க, பின் வரிசையில நின்னு வசனம் கேளுங்க, அங்கேருந்து கால் பாயிண்ட் கால் பாயிண்டா நகர்த்துங்க. அரங்கு நிரம்பின ஷோவுக்கும் 30 பேர் ஷோவுக்கும் ஒரே அளவு வைக்காதீங்க. ஆள் உடம்பும் துணியும் சத்தத்தைக் குடிக்கும், காலி ஹால்ல அதே அளவு இரைச்சலாத்தான் கேட்கும்.