மறு: மேடை ஸ்டண்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘மேடைக்கரணம்’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாப் இசை மேடைகளில் பாடகர்கள் செய்யும் ஸ்டண்டுக்குச் சொல் கேட்டுத் தொடங்கிய இழை இது. சாகசம், வித்தை, துணிவாட்டம், செடல் என்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ‘ஸ்டண்ட் என்றே எழுதிவிட்டுப் போகலாம்’ என்று கோடம்பாக்கத்தை நன்கறிந்த நண்பர் ஒருவரும் சொல்லியிருக்கிறார். நான் ‘மேடைக்கரணம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டண்ட் என்றே விடலாம் என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் ஸ்டண்ட் மாஸ்டர் என்றால் சண்டைக்காட்சி அமைப்பவர். படத்தின் எழுத்தோட்டத்தில் அது ‘சண்டைப் பயிற்சி’ என்று அழகாகத் தமிழாகிவிட்டது. அப்புறம், ‘தேர்தல் ஸ்டண்ட்’, ‘விளம்பர ஸ்டண்ட்’ என்கிறோம். அங்கே அது போலி நாடகம். பாடிக்கொண்டே கம்பியில் தொங்கும் ஒருவரின் உழைப்பைச் சொல்ல இந்தச் சொல்லை வைத்தால், பாதிப் பேருக்குச் சண்டையும் மீதிப் பேருக்கு ஏமாற்றும்தான் நினைவுக்கு வரும்.

> சாகசம் இருக்கிறதே? எல்லோருக்கும் புரியும் சொல். புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

புரியும், உண்மைதான். ஆனால் என்ன புரிகிறது என்று பாருங்கள். காமராஜர் சாலையில் நள்ளிரவில் முன்சக்கரத்தைத் தூக்கி வண்டி ஓட்டிப் போலீஸில் மாட்டும் பையன்கள் செய்வது ‘பைக் சாகசம்’. 2024 அக்டோபரில் மெரினா வானத்தில் விமானப்படை செய்து காட்டியதும் ‘விமான சாகசம்’. முதலாவது அனுமதியும் பாதுகாப்பும் இல்லாத விளையாட்டு. இரண்டாவது நீண்ட பயிற்சியும் சரிபார்ப்பும் சேர்ந்த வேலை. சாகசம் என்ற சொல் இரண்டிலும் துணிச்சலை மட்டுமே பார்க்கிறது. கயிற்றை முடிந்தவர், இழுத்தவர், ‘இன்னும் தயாராகவில்லை, நிறுத்து’ என்று சொல்ல வேண்டியவர், இவர்கள் யாரும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. அதனால் ஏதாவது தவறு நடந்தால் ‘விபரீத சாகசம்’ என்று தலைப்பு வந்து, பழி முழுக்க மேடையில் நின்றவர் மேல் விழுகிறது.

இது எனக்கு முக்கியமான விஷயம். பிங்க் என்ற அமெரிக்கப் பாடகியை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஜனவரி கடைசியில் நடந்த கிராமி இசை விருது விழாவில், பார்வையாளர்களுக்கு மேலே துணித்தொங்கலில் சுழன்றுகொண்டு, தண்ணீரில் நனைந்து, சொட்டச் சொட்டப் பாடினார். தலைகீழாகத் தொங்கும்போது வயிற்றுத் தசையெல்லாம் உடம்பைத் தாங்கும் வேலையில் இருக்கும். அப்போது மூச்சை மிச்சம்பிடித்து ஒரு சுரத்தை நிறுத்திப் பாடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பாட்டு தெரிந்தவர்கள் அதைப் பார்த்தால் முதலில் அந்த மூச்சைத்தான் வியப்பார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில், கூட்டத்துக்கு மேலே பறக்க வேண்டிய கட்டத்தில், உடம்பில் கட்டியிருந்த வார்களின் இணைப்பு சரியாக மாட்டப்படாத நிலையில் கம்பி இழுத்துவிட்டது. மேடையிலிருந்து கீழே தடுப்பில் போய் விழுந்தார். இங்கே அவருடைய துணிச்சலில் குறை ஒன்றும் இல்லை. குறை ஒரு கொக்கியில், ஒரு கணத்தில். நாம் வைக்கும் சொல்லில் அந்தக் கொக்கிக்கும் இடம் இருக்க வேண்டும்.

வித்தை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ‘வித்தை காட்டாதே’ என்று வீட்டிலேயே திட்டுகிறோம்.

செடல் என்று எழுதிய மதுரை அம்மாவுக்கு: சொல் அழகானது, தொங்குவதும் சுழல்வதும் அதில் இருக்கின்றன. ஆனால் செடலும் பறவைக்காவடியும் நேர்த்திக்கடன். உடம்பில் ஏறும் கொக்கி அங்கே வேண்டுதலின் பகுதி. டிக்கெட் போட்டு நடத்தும் ஒரு நிகழ்ச்சிக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் யோசித்துப் பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

பழைய இலக்கியத்தில் ஏதாவது கிடைக்குமா என்று கோவை ஐயா கேட்டிருந்தார். கிடைக்கிறது, ஐயா. குறுந்தொகை ஏழாம் பாட்டில் ‘ஆரியர் கயிறாடு பறையின்’ என்று வருகிறது. காற்றில் வாகை நெற்றுகள் கலகலப்பது, கயிற்றின்மேல் ஆடுகிறவர்களுக்காக அடிக்கும் பறைபோல ஒலிக்கிறதாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் ‘ஆடுமகள் கயிறூர் பாணி’ என்கிறார். விழாக்களம், சுற்றிலும் வாத்தியங்கள், கயிற்றின்மேல் ஒரு பெண். பாணி என்றால் தாளம். அவள் கால் தாளத்தில் நடக்கிறது. இரண்டு இடத்திலும் கயிறு தனியாக வரவில்லை, கூடவே பறையும் தாளமும் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். பாட்டு ஒரு பக்கம், சர்க்கஸ் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்து, ‘நல்லாப் பாடத் தெரிந்தவருக்கு இதெல்லாம் எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. கரகாட்டத்தில் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவதும், கண்ணிமையால் ஊசி எடுப்பதும் நையாண்டி மேளத்தின் நடைக்குள்தான் நடக்கின்றன. மேளம் நின்றால் அந்த ஆட்டம் இல்லை.

எனவே துணி, கம்பி, கயிறு என்று வானில் தொங்கிச் செய்பவை எல்லாவற்றுக்கும் ‘கயிறாடல்’ என்று வைத்துக்கொள்ளலாம். சங்கச் சொல்லே நேராக உதவுகிறது. ஆனால் இது ஓர் உட்பிரிவுதான். நெருப்புக்கு நடுவே நிற்பது, மேடைக்கு அடியிலிருந்து எகிறி வருவது, கூட்டத்தின் கைகள்மேல் பாய்வது எல்லாவற்றையும் அடக்க ஒரு பொதுச்சொல் வேண்டும். அதற்குத்தான் கரணம்.

குட்டிக்கரணம் எல்லோருக்கும் தெரியும். ‘கரணம் தப்பினால் மரணம்’ என்ற பழமொழியும் தெரியும். ஆபத்து இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஆபத்து கைதவறுவதால் வருவது என்பதும் இருக்கிறது. நாட்டியத்தில் கரணம் என்றால் கையும் காலும் உடலும் ஒன்றாக இயங்கும் ஓர் அலகு. தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பயிற்சியும் இலக்கணமும் இல்லாமல் கரணம் கிடையாது.

> கரணம் வடசொல். தனித்தமிழில் துணிவாட்டம் என்பதே சரி.

வடசொல்தான், மறுக்கவில்லை. ஆனால் தொல்காப்பியமே ‘ஐயர் யாத்தனர் கரணம் என்ப’ என்கிறது. அங்கே அதன் பொருள் திருமணச் சடங்கு, அதாவது இன்னின்னதை இன்ன வரிசையில் செய்ய வேண்டும் என்று கட்டி வைத்த முறை. வரிசை தவறாமல் செய்யும் செயல் என்ற அந்தப் பழம்பொருள் நமக்கு எவ்வளவு பொருந்துகிறது! துணிவாட்டம் மறுபடியும் துணிவையே முன்னால் நிறுத்துகிறது. சாகசத்தில் உள்ள குறையைத்தான் தமிழில் பெயர்த்திருக்கிறோம்.

அடுத்தது எல்லைப் பிரச்சினை. பிரம்மாண்டக் காட்சிகளையும் கரணத்தையும் ஒன்றாகக் கட்டக்கூடாது. 2017 பிப்ரவரி 5 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் மைதானத்தில், சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளையில் பாப் பாடகி லேடி காகா பாடினார். கூரையில் அவர் நிற்பதும் பின்னால் 300 டிரோன்கள் வானில் மின்னுவதும் முன்பே பதிவு செய்தவை. கம்பியில் தொங்கி மேடைக்கு இறங்கியது அந்த நேரத்தில் நடந்தது. ஒரே நிகழ்ச்சியில் இரண்டும் இருக்கின்றன. டிரோன், லேசர், வாணம், ராட்சதத் திரை ஆகியவற்றுக்கு ‘மேடைவேடிக்கை’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. வேடிக்கை என்றால் கேலி ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். வாணவேடிக்கையை யாரும் கேலியாக நினைப்பதில்லை. ‘வேடிக்கை பார்க்கப் போனேன்’ என்பதில் உள்ள அந்தக் கண்விரியும் பொருளே நமக்கு வேண்டியது.

பிரித்தறிய ஒரு வழி: பாடகரின் உடம்பை எடுத்துவிட்டாலும் காட்சி நிற்குமானால் அது மேடைவேடிக்கை. உடம்பு இல்லாமல் நிற்காதென்றால் மேடைக்கரணம். 1967 ஜூனில் அமெரிக்காவின் மான்டரே இசை விழாவில் ராக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கித்தாரைக் கொளுத்தினாரே, அது கரணம்; மண்டியிட்டு நெருப்பை அவரே மூட்டினார். மேடை ஓரத்தில் நேரம் வைத்து வெடிக்கும் தீத்தாரை வேடிக்கை. வேடிக்கைக்குள் ஆள் தவறிப் போய் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1992 ஆகஸ்டில் கனடாவின் மான்ட்ரியலில் மெட்டாலிகா ராக் குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்கு நேர்ந்த தீக்காயம் சாட்சி. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஒரு சிறிய விடுதியில், மேடையில் கொளுத்திய புஸ்வாணம் போன்ற பொறித்தாரை சுவரின் ஒலித்தடுப்பு நுரையில் பற்றி 100 பேர் இறந்தார்கள். அங்கே யாரும் எந்தக் கரணமும் போடவில்லை. வேடிக்கை பாதுகாப்பானது, கரணம்தான் ஆபத்து என்று வரையறையில் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். உயரக் கூரையுள்ள திடலுக்கு ஏற்ற பொறியைக் கல்யாண மண்டபத்துக்குள் கொண்டுவரும் வழக்கம் நம் ஊரிலும் பரவியிருக்கிறது.

இடையில் ஒரு மூன்றாம் வகையும் உண்டு. மைக்கேல் ஜாக்சன் உடம்பை வளைக்காமல் முன்பக்கம் சாய்ந்து நிற்பது. மேடையிலிருந்து எழும் ஒரு முளையில் செருப்பின் குதிகாலிலுள்ள பள்ளம் மாட்டிக்கொள்ளும். இதற்கு அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து 1993இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். கருவி இருந்தாலும் கெண்டைக்காலிலும் முதுகிலும் வலு இல்லாதவர் திரும்ப நிமிர முடியாது. இதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: தந்திரக்காட்சி. நவாப் ராஜமாணிக்கம், ஆர்.எஸ். மனோகர் நாடகங்களைப் பார்த்த தலைமுறைக்கு அது பழகிய சொல். சென்னை சபா மேடைகளில் மனோகர் குழு நிகழ்த்திய அந்தக் காட்சிகளை இன்றும் பெரியவர்கள் வாய்வலிக்கப் பேசுகிறார்கள். அதை விட்டுவிடாமல் மீட்டெடுப்போம்.

அடித்தளத்திலிருந்து பாடகரைச் சட்டென்று மேலே எறியும் விசைத்தட்டுக்கு ‘கரந்தெழுமேடை’ என்று ஒரு யோசனை. சிலப்பதிகார அரங்கில் ‘கரந்துவரல் எழினி’, அதாவது மறைந்திருந்து வரும் திரை, இருக்கிறது அல்லவா, அதிலிருந்து எடுத்தேன். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. நீளம் என்று தோன்றினால் மாற்றலாம்.

உடம்பில் பூட்டும் வார்க்கட்டுக்கு ஒருவர் ‘சேணம்’ என்று எழுதியிருந்தார். அது குதிரைக்கு. மனிதருக்குக் ‘கச்சை’ இருக்கிறது. ‘தொங்குகச்சை’ என்றால் பார்த்ததும் விளங்கும்.

கடைசியாக, சொல்லின் வரையறை. இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்:

மேடைக்கரணம் (பெயர்): நேரடி இசை நிகழ்ச்சியில், பாட்டின் பகுதியாக, நிகழ்த்துபவர் தம் உடம்பால் செய்யும் ஆபத்து நிறைந்த செயல், துணைக்குழுவின் கருவி, ஒத்திகை, சரிபார்ப்பு ஆகியவற்றைச் சார்ந்தது. வினை: கரணமிடு.

‘துணைக்குழு’ வரையறைக்குள் இருந்தே ஆக வேண்டும். 2022 ஜூலையில் ஹாங்காங்கில் மிரர் என்ற பாப் குழுவின் நிகழ்ச்சியில் தொங்கவிட்ட திரை ஒன்று கம்பி அறுந்து நடனக் கலைஞர்கள்மேல் விழுந்தது. 2025 ஜூனில், லேடி காகா இறங்கிய அதே ஹூஸ்டன் மைதானத்தில், பாடகி பியான்சே அமர்ந்திருந்த தொங்கும் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் பாட்டை நிறுத்தச் சொல்ல, கீழே இருந்தவர்கள் பத்திரமாக இறக்கினார்கள். இறக்கியவர்களுக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். கயிறு கட்டி இழுத்துத் தாங்கும் அந்த வேலைக்கு வடபழனிப் பக்கம் ஸ்டண்ட் குழுக்களில் தங்களுக்குள் என்ன சொல்கிறார்கள் என்று கோடம்பாக்க நண்பர் கேட்டு எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். அவர்கள் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம், நாம் ஒன்றும் ஆக்க வேண்டாம்.

‘கரணமிடு’ சரியா, ‘கரணம்போடு’ சரியா என்பதிலும் கருத்துச் சொல்லுங்கள். பேச்சில் ‘போடு’தான் வருகிறது. எழுத்திலும் அதையே விடலாம் என்பது என் சாய்வு.

அன்புடன்,
சென்னையிலிருந்து