முதுகுத்தண்டு அறுவைக்குப் பிறகும் நீங்காத வலி: மறு அறுவையா, வேறு வழியா?

செந்தூல் வாசகி:

வணக்கம். என் கணவருக்கு வயது 56, லோரி ஓட்டுநர். சென்ற ஆண்டு கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், இடுப்புப் பகுதியில் எல்4, எல்5 எலும்புகளைத் திருகாணி வைத்து இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தார். இப்போது இடது பிட்டத்தில் தொடங்கும் வலி தொடைவரை இறங்குகிறது. உட்கார்ந்து சாப்பிட முடியாமல், சமையலறை மேடையில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிடுகிறார். ஒரு மருத்துவர் மறுபடியும் அறுவை செய்யலாம் என்கிறார். இன்னொருவர் முதுகுத்தண்டுக்கு மின்தூண்டல் கொடுக்கும் கருவியைப் பொருத்தலாம் என்கிறார். இவருக்கு இனிப்புநீரும் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் தவிக்கிறோம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இயன்முறைப் பயிற்சியாளர், பெட்டாலிங் ஜெயா:

சகோதரி, இரண்டு மருத்துவர்களும் சிகிச்சையைச் சொல்லியிருக்கிறார்களே தவிர, வலி எங்கிருந்து வருகிறது என்று சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்டச் சொல்லிப் பாருங்கள். இடுப்புவாருக்குக் கீழே, முதுகின் பின்புறக் குழிவை ஒட்டி விரல் நின்றால், இடுப்பெலும்பும் திரிகமும் (முதுகுத்தண்டின் அடியிலுள்ள முக்கோண எலும்பு) சேரும் மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். கீழ்முதுகில் எலும்புகளை இணைத்த பிறகு அந்த மூட்டுக்குக் கூடுதல் சுமை போவது பலருக்கும் நேர்வதுதான். வலி முழங்காலைத் தாண்டிப் பாதம்வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கினால், நரம்பு அழுத்தப்படுகிறதா அல்லது தழும்புத் திசு நரம்பைச் சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாயம் செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ இதற்கு உதவும், ஏனென்றால் தழும்பு சாயத்தை ஈர்த்துக்கொள்ளும், முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டு மீண்டும் பிதுங்கியிருந்தால் அது பெரும்பாலும் ஈர்க்காது. இனிப்புநீர் இருப்பதால், சாயம் செலுத்துமுன் சிறுநீரகச் செயல்பாட்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எலும்பு சரியாக ஒட்டியிருக்கிறதா, திருகாணி தளர்ந்திருக்கிறதா என்பதை சிடி ஸ்கேன் காட்டும்.

திருகாணி தளர்வு, புதிய தட்டுப் பிதுக்கம் என்று சரிசெய்யக்கூடிய காரணம் படத்தில் தெளிவாகத் தெரிந்து, அதுவும் வலியோடு பொருந்தினால்தான் மறு அறுவைக்குப் பொருளுண்டு. வெறும் தழும்புக்காக அறுத்தால் புதிய தழும்பு உண்டாகும். ஒவ்வொரு மறு அறுவையிலும் பலன் குறைந்துகொண்டே போவதாகத்தான் மருத்துவ அனுபவம் சொல்கிறது.

பினாங்குக்காரர்:

அம்மா, என் அண்ணனுக்கு மின்தூண்டல் கருவி வைத்திருப்பதால் எழுதுகிறேன். இந்தச் சிகிச்சை 1967-இல் தொடங்கியது. முதுகுவலியைவிடக் காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கே கூடுதலாகப் பயன்படுகிறது. உங்கள் கணவருக்கு வலி தொடையோடு நிற்பதாகச் சொல்கிறீர்கள், ஆகவே இதை முதலில் தேர்ந்தெடுக்கத் தயங்குவேன். இதில் ஒரு நல்ல ஏற்பாடு, கருவியை நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் முதுகுத்தண்டருகே மின்கம்பிகளை மட்டும் வைத்து ஏறத்தாழ ஒரு வாரம் சோதித்துப் பார்க்க முடிவது. வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். அண்ணன் அந்த நாள்களில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எப்படித் தூங்குகிறார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார், முடிவெடுக்க அதுவே துணையாக இருந்தது.

மேலே சொன்ன இடுப்பெலும்பு-திரிக மூட்டிலிருந்து வலி வருவதாகத் தோன்றினால், முதலில் அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டு உறுதிசெய்வார்கள். ஊசியில் ஸ்டீராய்டும் சேர்த்தால் சில நாள்களுக்குச் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு மாத்திரைகள் மயக்கம் தரலாம். லோரி ஓட்டுபவர் என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. திடீரென்று அவற்றை நிறுத்தவும் கூடாது.

செந்தூல் வாசகி:

இருவருக்கும் நன்றி. விரலால் காட்டச் சொன்னேன்; இடுப்புவாருக்குக் கீழே இடது பக்கக் குழிவையே மூன்று முறையும் காட்டினார். தனியாரிலேயே தொடர்வதா, அரசாங்க மருத்துவமனைக்குப் போவதா?

இயன்முறைப் பயிற்சியாளர், பெட்டாலிங் ஜெயா:

சுகாதார கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, செலாயாங் மருத்துவமனையின் வலி சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லலாம்; மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையிலும் அத்தகைய பிரிவு உண்டு. செலாயாங்கில் 2002-இல் தொடங்கிய ‘மெனாங்’ என்ற இரண்டு வாரக் குழுப் பயிற்சி, வலியோடு நடமாடவும் படிப்படியாக வேலைக்குத் திரும்பவும் கற்றுத்தருவது. “வலி மனத்தில்தான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று உங்கள் கணவர் தயவுசெய்து எண்ண வேண்டாம். நீண்டகால வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது, அதைத் தணிக்கப் பயிற்சியும் மருந்தைப் போலவே ஒரு சிகிச்சைதான். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பதிவு இருந்தால் வேலைக்குத் திரும்பும் திட்டம் பற்றியும் விசாரியுங்கள். ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தட்டையும் அறுவை அறிக்கையையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடைகளின் நடுவே மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ, காய்ச்சலோடு வலி கூடினாலோ சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.