எஸ்சிட்டலோபிராம் சாப்பிடும் அம்மாவுக்கு மெக்னீசியம் கொடுக்கலாமா?

மதுரை மகள்:
அம்மாவுக்கு 63 வயது. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறார், நன்றாகத் தேறியிருக்கிறார். ஆனால் ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, தூக்கமே போய்விடுகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த சித்தி மகன் மெக்னீசியம் கிளைசினேட் என்ற சத்து மாத்திரை ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனான். சேர்த்துக் கொடுக்கலாமா?

வைகைக்கரை:
தாராளமாகக் கொடுங்கள். கீரையிலும் கேழ்வரகிலும் நிலக்கடலையிலும் இருப்பதுதானே. 2017-இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்து ஆய்வில் மனச்சோர்வு இருந்த 126 பேருக்குத் தினம் 248 மி.கி. என்று ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், நல்ல முன்னேற்றம், ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும்கூட. கொஞ்ச நாளில் அந்த மாத்திரையையே நிறுத்திவிடலாம்.

கசப்பு மருந்து:
நிறுத்தலாம் என்று எந்த ஆய்வு சொன்னது? நீங்கள் சொன்னதில் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடவே இல்லை, தாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். எஸ்சிட்டலோபிராமைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும், தேறிய மனச்சோர்வும் திரும்பலாம். மகளே, அந்த டப்பாவை மூடி வை.

வைகைக்கரை:
நிறுத்தும் பேச்சை விடுகிறேன், அது டாக்டர் பாடு. ஆனால் மெக்னீசியமும் இந்த மருந்தும் மோதும் என்று ஒரு ஆதாரம் காட்டுங்கள். சும்மா பயமுறுத்தினால் எப்படி?

கவுண்டர் பக்கம்:
மருந்தாளுநராகச் சொல்கிறேன், அவை இரண்டும் நேரடியாக மோதுவதாகத் தெரியவில்லை. டிராமடால் என்ற வலி மருந்து, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாதிரி, செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளை ஏற்றிவிடும் பொருள் அல்ல மெக்னீசியம். என் கேள்வி வேறு. அம்மா இன்னும் என்னென்ன சாப்பிடுகிறார்? சிறுநீரகம் எப்படி?

மதுரை மகள்:
நெஞ்சு கரிப்புக்குக் காலையில் ஒமெப்ரசோல் அக்கா, ரொம்ப வருடமாக. தைராய்டு மாத்திரையும் உண்டு. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனை சமீபத்தில் பார்க்கவில்லை.

கவுண்டர் பக்கம்:
நான் பயந்தது இதற்குத்தான். ஒமெப்ரசோலை வருடக்கணக்கில் சாப்பிட்டால் ரத்தத்தில் மெக்னீசியம் குறையலாம், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்தது. அப்போது பார்த்த நோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் சரியாகவில்லை, ஒமெப்ரசோல் வகை மாத்திரையை நிறுத்திய பிறகே ஏறியது. அம்மாவின் கால் இழுப்புக்கே இது காரணமாக இருக்கலாம். இன்னொன்று, ஒமெப்ரசோல் எஸ்சிட்டலோபிராமின் அளவை ரத்தத்தில் சுமார் 50 சதவீதம் ஏற்றும். ரத்தத்தில் எஸ்சிட்டலோபிராம் கூடி, மெக்னீசியமும் குறைந்தால் இதயத்துடிப்பு தாளம் தப்பும் ஆபத்து கூடுகிறது. ரத்தத்தில் மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம், கிரியாட்டினின் பார்த்து, ஒரு இ.சி.ஜி.யும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஒமெப்ரசோலை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கசப்பு மருந்து:
அதைத்தான் நானும் சொன்னேன், டப்பாவைத் தொட வேண்டாம் என்று.

வைகைக்கரை:
இல்லை ஐயா, நீங்கள் சொன்னது வேறு. குறைந்திருந்தால் கொடுக்கத்தானே வேண்டும்? மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எதையும் தொடக்கூடாது என்றே சொல்லிக்கொண்டிருந்தால், உண்மையான குறைபாடு யார் கண்ணிலும் படாது.

கசப்பு மருந்து:
சிறுநீரகம் மந்தமாக இருந்தால் மெக்னீசியம் வெளியேறாமல் உடம்பில் தேங்கும். சோதனைக்கு முன்னால் கொடுக்கச் சொன்னது தவறு, அதில் நான் மாற மாட்டேன்.

கவுண்டர் பக்கம்:
சோதனை முதலில், அதில் இவர் பக்கம்தான் நான். டாக்டர் சரி என்றால் டப்பாவில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: கிளைசினேட் 1000 மி.கி. என்றால் அதில் மெக்னீசியம் 140 மி.கி. அளவுதான். சப்ளிமென்ட்டாக ஒரு நாளைக்கு 350 மி.கி. மெக்னீசியம் என்பது பெரியவர்களுக்கு அமெரிக்காவில் வைத்த உச்சவரம்பு, அம்மாவுக்கு அவ்வளவு தேவைப்படாது. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் தள்ளி, ராத்திரிச் சாப்பாட்டோடு கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் நிறுத்திவிடுங்கள், அதில் பொட்டாசியமும் போய்விடும்.

மதுரை மகள்:
நன்றி அக்கா. நாளைக்கு ரத்தம் கொடுக்க அழைத்துப் போகிறேன். மனநல டாக்டரிடம் ஒமெப்ரசோலைப் பற்றி இதுவரை யாரும் சொன்னதே இல்லை, அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.