சூப்பர்மேன்: உங்கள் ஹாலில் ஜனங்கள் எப்படி இருந்தார்கள்?

ஜார்ஜ் டவுன்

படம் எப்படி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு மார்க் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது வேண்டாம். மலேசியாவில் எந்த ஊரில் பார்த்தீர்கள், யாரோடு போனீர்கள், ஹாலில் எங்கே சிரிப்பு வந்தது, எங்கே எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

2025 ஜூலை, படம் வந்த முதல் ஞாயிறு, கர்னி பக்கம் மதியக் காட்சி. நான், ஒன்பது வயது மகன், அறுபது வயது அப்பா. அப்பா தியேட்டர் பக்கம் வந்தே ஐந்தாறு வருஷம் இருக்கும். "சூப்பர்மேனா? நம்ம ரீவ்தானே?" என்றார். கிறிஸ்டோபர் ரீவ் 2004-லேயே போய்விட்டது அவருக்குத் தெரியாமல் இல்லை. சூப்பர்மேன் என்றால் அவருக்கு அந்த ஒரு முகம்தான்.

ரிச்சர்ட் டோனர் எடுத்த அந்த 1978 படத்தை அப்பா பதினாலு வயசில் பினாங்கு ரோட்டில் பார்த்தார். எந்தத் தியேட்டர் என்பதில்தான் நாற்பது வருஷச் சண்டை. அப்பா ஓடியன் என்பார், சித்தப்பா கேத்தே என்பார். ரீவ் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, நேரத்தையே பின்னால் ஓட்டி காதலி லோயிஸைப் பிழைக்கவைக்கும்போது ஹாலில் ஒருத்தரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. மறுநாள் கைலியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கோழிக்கூண்டு மேலிருந்து குதித்ததும், கூண்டு சரிந்ததும், அப்பாவின் பெரியம்மா துடைப்பக்கட்டையோடு தோட்டத்து லயத்தைச் சுற்றித் துரத்தியதும் தனிக் கதை.

சரி, படத்துக்கு வருகிறேன். விளக்கு அணைந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, புது சூப்பர்மேன் டேவிட் கோரன்ஸ்வெட் அடிவாங்கி வந்து அண்டார்டிகா பனியில் தொப்பென்று விழுகிறார். வாயெல்லாம் ரத்தம். பின்வரிசையில் நாலைந்து காலேஜ் பையன்கள். "என்னடா, எடுத்த எடுப்புலயே உதை வாங்குறான்" என்று ஒருத்தன் அலுத்துக்கொண்டான். அப்பாவும் முகத்தைச் சுளித்திருப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் சாவகாசமாக, "வாத்தியாரும் முதல்ல மூணு அடி வாங்குவாரு. உதட்டுல ரத்தத்தைத் தொட்டுப் பாத்த பிறகுதான் ஆட்டமே" என்றார். எம்.ஜி.ஆர். படத்தில் வளர்ந்தவருக்கு இதெல்லாம் புதுசா என்ன.

1978-க்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட இசை இதில் கிட்டாரில் வருகிறது. அது வந்ததும் அப்பாவின் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. சிவப்பு ஜட்டியும் திரும்பி வந்திருக்கிறது (2013 சூப்பர்மேன் படத்தில் ஹென்றி கேவில் அதைப் போடவில்லை). "இப்பதான் முழுசா இருக்கான்" என்றார்.

ஊருக்குள் ஒரு ராட்சச மிருகம் புகுந்து கட்டடமெல்லாம் ஆடுகிற நேரத்தில் இவர் ஒரு அணிலைத் தூக்கிப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு வருவார், நினைவிருக்கிறதா? ஹால் சிரித்தது. முன்வரிசையில் இருந்த பாட்டி பேரனிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி, "ராமர் தடவிக் குடுத்த அணிலுடா அது" என்றார். அதிலிருந்து அந்தப் பாட்டிக்கு ஹாலில் தனி ரசிகர் மன்றம்.

பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

சூப்பர்மேனை வேற்றுக் கிரகத்தில் பெற்றவர்கள் அனுப்பிய சேதியில் பாதிதான் இவரிடம் இருக்கிறது. மீதி சிதைந்துபோனது. அதை வில்லன் லெக்ஸ் லூதர் மீட்டு உலகத்துக்கே போட்டுக் காட்டுகிறான்: பூமியில் இருப்பவர்கள் பலவீனமானவர்கள், நீ அவர்களை ஆள வேண்டும். ஹால் கப்சிப். எனக்கு மனசு ஒப்பவே இல்லை. 1978-இல் சூப்பர்மேனின் அப்பா ஜோர்-எல்லாக வந்த மார்லன் பிராண்டோ, மனிதர்கள் நல்லவர்களாக வாழ ஆசைப்படுகிறவர்கள், வழிகாட்டத்தான் வெளிச்சம் இல்லை, அதற்காகத்தான் உன்னை அனுப்பினேன் என்றல்லவா மகனுக்குச் சொன்னார்! அந்த ஜோர்-எல்லை இப்படி ஆக்கலாமா? கார் நிறுத்துமிடம் வரை புலம்பிக்கொண்டே வந்தேன். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை.

பட்டர்வொர்த்

அண்ணே, எங்கள் வீட்டில் யாரும் சூப்பர்மேனைப் பார்க்கப் போகவில்லை. நாயைப் பார்க்கப் போனோம். என் இரண்டு வாண்டுகளும் டிரெய்லரில் கிரிப்டோவைப் பார்த்த நாளிலிருந்து நச்சரிப்பு. வெள்ளை நாய், சிவப்புத் துணி, சொன்ன பேச்சு எதுவும் கேட்பதில்லை. அடிபட்டுக் கிடக்கிறவர் மேலேயே ஏறிக் குதிக்கிறதே, அங்கே ஹாலில் இருந்த பிள்ளைகளெல்லாம் நாற்காலி மேல். இயக்குநர் ஜேம்ஸ் கன் வீட்டுக்கு ஒரு நாயைக் கொண்டுவந்தாராம், அது செருப்பு, நாற்காலி, லேப்டாப் வரைக்கும் கடித்துத் தின்றதாம். அதைப் பார்த்து வந்ததுதான் இந்தக் கிரிப்டோ. நம்பலாம். எங்கள் வீட்டில் இருப்பதும் அதே ஜாதி.

என் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, கீழே ஓடுகிற மலாய் வரிகளைப் படித்தே எல்லாம் புரிந்துகொண்டார். கடைசியில் சூப்பர்கேர்ள் தள்ளாடிக்கொண்டு வந்து நாயைக் கூட்டிப் போனதும், "அந்தப் பொண்ணுக்கே கால் நிக்கல, நாயை எங்க கொண்டுபோறா? அந்தத் தம்பிகிட்டயே விட்டுட்டுப் போகச் சொல்லு" என்று என்னிடம் சண்டை. நான் போய் யாரிடம் சொல்ல?

செந்தூல்

நான் 2013 படத்தை எடுத்த ஸ்னைடர் கட்சி, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். ராத்திரி பதினோரு மணிக் காட்சி, மொத்தம் இருபது பேர் இருந்திருப்போம். இடது பக்க ஸ்பீக்கர் வண்டு மாதிரி இரைந்தது, எந்த இடம் என்று சொல்லவில்லை. எனக்குப் படம் ஒட்டவில்லை. அழுத்தமான இடம் வந்தால் உடனே ஒரு ஜோக். அதில் வளர்ப்பு அப்பாவாக வந்த கெவின் காஸ்ட்னர் சூறாவளியில் நின்றுகொண்டு, வராதே என்று கையை மட்டும் காட்டுவார் பாருங்கள், அதைப் பார்த்தவனுக்கு இந்தப் படத்து வளர்ப்பு அப்பா வாசலில் உட்கார்ந்து கண் கலங்குவது டிவி நாடகம் மாதிரிதான்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். லோயிஸ் இவரைப் பேட்டி எடுக்கிற காட்சி. மடக்கி மடக்கிக் கேட்பாள், இவர் முதலில் சிரிப்பார், அப்புறம் சூடாகிக் கத்துவார். என் மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்து, "அப்படியே நீங்க" என்றாள். முன்னால் இருந்த சீன ஜோடியிலும் அந்தப் பெண் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இருபது பேர் ஹாலில் எத்தனை இடி விழுந்ததோ. படம் முடிந்து மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்து மூணு மணி வரை வாக்குவாதம், படத்தைப் பற்றி இல்லை.

செத்தாபாக்

ரீவ், கேவில் என்று அடுக்குகிறீர்களே, 1980-இல் என்.டி.ஆர். தெலுங்கில் சூப்பர்மேனாகப் பறந்ததை ஒருத்தரும் சொல்லவில்லையே! எங்கள் மாமா இன்றைக்கும் அவரைத்தான் ஒரிஜினல் என்கிறார்.

சென்னையில் இருக்கும் மச்சானுக்கு வேறு வருத்தம். அங்கே தணிக்கையில் 33 வினாடி முத்தத்தை வெட்டிவிட்டார்கள். "அடிவாங்குறதை முழுசா காட்டுறான், அதை மட்டும் வெட்டிட்டான்" என்று வாட்ஸ்அப்பில் புலம்பல்.

பிரிக்ஃபீல்ட்ஸ்

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அக்கா பிள்ளைகள் மூன்று பேரோடு போனேன். எங்கள் ஹாலில் நாய்க்குச் சிரிப்பு, அணிலுக்குச் சிரிப்பு, எல்லாம் மேலே சொன்னதுதான். ஆனால் நான் மறக்காதது அந்தக் கொடி. படத்தில் வரும் ஜர்ஹான்பூர் என்ற நாட்டின் எல்லையில் டாங்கிகள் வந்து நிற்கின்றன, எதிரே வெறுங்கையோடு ஜனங்கள். ஒரு சின்னப் பையன் சூப்பர்மேன் சின்னம் போட்ட கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்கிறான். எனக்கு இடது பக்கம் ஒரு மலாய்க் குடும்பம், அந்த அம்மா முக்காட்டு ஓரத்தால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் யாரோ கைதட்டினார்கள், ஆனால் அந்தத் தட்டல் பரவவில்லை, பாதியில் நின்றுபோனது. காஸா செய்தியை நாள் தவறாமல் பார்க்கிற ஊர் இது. நான் எழுதியபோது அந்தப் போரே தொடங்கவில்லை என்று கன் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கேட்டுக்கொண்டா படம் பார்க்கிறார்கள்?

இன்னொன்று. சூப்பர்மேன் வெளியிலிருந்து வந்து குடியேறியவன் என்று அதே கன் ஒரு பேட்டியில் சொன்னதற்கு அமெரிக்காவில் ஏகப்பட்ட சண்டை. நம் ஊரில் 'வந்தவன்' என்ற வார்த்தையை வாழ்க்கையில் ஒருமுறையாவது வாங்கியவர்களுக்கு, நீ எங்கிருந்தோ வந்தவன்தானே என்று படத்தில் ஜனங்கள் அவர்மேல் திரும்பும் இடம் எப்படி இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவளுக்குப் பதினாறு வயது, அந்த நேரம் என் கையைப் பிடித்தவள் அப்புறம் விடவே இல்லை.

ஜார்ஜ் டவுன் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அப்பா அதற்குப் பிறகும் ஒன்றும் சொல்லவில்லையா?

ஜார்ஜ் டவுன்

சொன்னார் அக்கா. ராத்திரி சாப்பாட்டுக்குப் போன இடத்தில். மகன் ரொட்டி சானாயைக் குழம்பில் முக்கிக்கொண்டே, "தாத்தா, சூப்பர்மேனோட அப்பா அம்மா கெட்டவங்களா?" என்று கேட்டதில் ஆரம்பித்தது.

வீட்டுக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். 1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றானது. சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை) வைத்திருந்த தோட்டத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். என் தாத்தாவும் பாட்டியும் 1970-இல் பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறி ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. நிபோங் தெபால் தோட்டத்தில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்றா, இங்கேயே பிழைக்கட்டும் என்றா, வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஊரிலிருந்து அந்த நீல விமானக் கடுதாசி வரும், மடித்து ஒட்டுவது. பெரியம்மாவுக்கு அதைப் பிரிக்கிற பொறுமை கிடையாது, ஓரத்தைப் பிடித்து ஒரே கிழி. மடிப்பு ஓரத்தில் நுணுக்கி எழுதியிருக்கிற கடைசி இரண்டு வரி அதோடு போய்விடும்.

அப்பா தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே பேரனிடம் சொன்னார்: "எனக்கும் அப்படித்தான்யா, பாதிக் கடுதாசிதான் கெடைக்கும். கடைசி வரி என்னான்னு நானே ஒண்ணு நெனச்சுக்குவேன்."

"என்னா நெனப்பீங்க?"

"அடுத்த கப்பல்ல வர்றோம்னு."

பையன் கொஞ்ச நேரம் மென்றான். "அப்ப உங்கள யாரு வளத்தா?"

"எங்க பெரியம்மாதான். தொடப்பக்கட்டையாலயே வளத்தா."

இதுவரை எனக்குத் தெரியாத ஒன்றும் அப்போதுதான் வந்தது. அந்தப் படத்துக்கு அப்பாவையும் சித்தப்பாவையும் கூட்டிப் போனதே பெரியம்மாதானாம். ரப்பர் பால்வெட்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் ஃபெரி பிடித்து. இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது, படம் முடிகிற வரை வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, எந்தத் தியேட்டர்னு" என்றேன்.

"ஓடியன்னுதான் சொல்லுவா" என்றார் அப்பா.

அங்கே உட்கார்ந்தபடியே சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டேன். "எங்கம்மா கேத்தேன்னுதான் சொல்லுச்சு, உங்கப்பனைக் கேளு" என்கிறார்.