கிளாங்குக்கு மாறியதும் லிங்க் ஆகவில்லை, பூஸ்ட் மட்டும் முரண்டு பிடிக்கிறது

கேட்டவர்: வணக்கம். உபுண்டு 22.04-இல் ஒரு சி++ புராஜெக்ட். ஜிசிசி 11 கம்பைலரில் ஒழுங்காக பில்ட் ஆகிறது. மெமரி சானிடைசர் (துவக்க மதிப்பில்லாத மாறிகளைப் பிடிக்கும் வசதி) ஜிசிசியில் கிடையாது என்பதால் கிளாங் 14 கம்பைலருக்கு மாறினேன். கம்பைல் முடிந்துவிடுகிறது. கோடையும் நூலகங்களையும் இணைக்கும் லிங்க்கர்தான் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (தேடிய பெயர் கிடைக்கவில்லை) என்று பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது. எல்லாமே பூஸ்ட் என்ற சி++ நூலகத் தொகுப்பின் புரோகிராம் ஆப்ஷன்ஸ் பகுதி பற்றியவை. ஸீலிப், எஸ்க்யூலைட் நூலகங்கள் இரண்டும் சமர்த்தாகச் சேர்கின்றன. பூஸ்ட், உபுண்டுவின் பேக்கேஜ் மேனேஜரான 'ஆப்ட்' வழியாக நிறுவியதுதான்.

பதில் 1: பழைய பில்ட் ஃபோல்டரிலேயே ஓட்டினீர்களா? பில்ட் கருவியான சிமேக் முதலில் பார்த்த கம்பைலரைத் தன் கேஷில் எழுதி வைத்துக்கொள்ளும், பிறகு நீங்கள் மாற்றிச் சொன்னாலும் பல சமயம் கேட்காது. ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி கான்ஃபிகர் செய்யுங்கள்.

கேட்டவர்: செய்தாயிற்று, அதே பிழைதான். பிழை வரிகளில் 'எஸ்டிடி::__1::பேசிக்_ஸ்ட்ரிங்' என்று திரும்பத் திரும்ப வருகிறது.

பதில் 2: அந்த __1 போதும். அது லிப்சி++ எனும், கிளாங் தரப்பின் சி++ அடிப்படை நூலகத்தின் அடையாளம். ஆப்ட் தரும் பூஸ்ட், ஜிசிசியின் அதே வகை நூலகமான லிப்எஸ்டிடிசி++ கொண்டு கட்டப்பட்டது. அதில் ஸ்ட்ரிங்கின் பெயர் 'எஸ்டிடி::__சிஎக்ஸ்எக்ஸ்11' என்று இருக்கும். உங்கள் கோட் தேடும் பெயர் அங்கே இல்லவே இல்லை. ஸீலிப்பும் எஸ்க்யூலைட்டும் வெறும் சி நூலகங்கள், ஸ்ட்ரிங் என்ற பேச்சே கிடையாது, அதனால் தப்பின. லினக்ஸில் கிளாங் தானாக லிப்சி++ஐ எடுக்காது. எந்த சி++ நூலகம் என்று கம்பைலருக்குச் சொல்லும் 'எஸ்டிடிலிப்' கொடி உங்கள் பில்ட் கோப்பில் எங்கோ இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

கேட்டவர்: இருக்கிறது! 'கம்பைலர் கிளாங் என்றால்' என்ற நிபந்தனைக்குள். மேக்கில் வேலை பார்த்த ஒருவர் சேர்த்தது. அங்கே லிப்சி++தான் இயல்பு என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை போல. எடுத்துவிட்டேன், லிங்க் ஆகிவிட்டது.

பதில் 2: சரி, ஆனால் சானிடைசரை ஓட்டினால் பொய்ப் புகார்கள் வரும். மெமரி சானிடைசருக்கு உங்கள் கோட் மட்டும் போதாது. சி++ நூலகம், பூஸ்ட் எல்லாவற்றையும் அதே சானிடைசர் கொடியோடு கட்டியிருக்க வேண்டும். அதற்கு லிப்சி++ஐயே தனியாகக் கட்டுவதுதான் வழக்கம், பூஸ்டையும் அதன் மேல் கட்ட வேண்டும். அரை நாள் வேலை. துவக்க மதிப்பில்லாத மாறியைப் பிடிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், பழைய ஜிசிசி பில்டையே வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியில் ஓட்டுங்கள். மெதுவாக ஓடும், ஆனால் எதையும் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

கேட்டவர்: வால்கிரைண்டையே முதலில் ஓட்டிப் பார்க்கிறேன். நன்றி.