புதுப்பிப்பு: 8 பார் அழுத்தத்தில் திறக்க வேண்டிய வால்வு 6.5-லேயே திறந்த கதை

போன வாரம் கேட்டிருந்தேன்: பெங்களூரு பீன்யாவில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கூலண்ட் பம்பின் ரிலீஃப் வால்வுக்கு (அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து வெளியேற்றும் வால்வு)ப் புது ஸ்பிரிங் போட்டதிலிருந்து 6.5 பாரிலேயே திறந்துவிடுகிறது, ஏன் என்று. அழுத்தம் காட்டும் கேஜைச் சந்தேகப்பட்டேன். கேஜ் சரிதான்.

வால்வு மூடும்போது உட்காரும் சீட்டின் விட்டம் 20 மி.மீ., பரப்பு 314 சதுர மி.மீ. 8 பார் என்றால் 0.8 நியூட்டன்/ச.மி.மீ.; ஆக ஸ்பிரிங் தாங்க வேண்டிய விசை 251 நியூட்டன். பழைய ஸ்பிரிங்கில் கம்பி 4 மி.மீ., சுருளின் சராசரி விட்டம் 24, வேலை செய்யும் சுற்றுகள் 8. விறைப்பு, அதாவது ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான விசை, 22.9 நியூட்டன் வருகிறது. 11 மி.மீ. அமுக்கினால் கணக்கு சரி.

அப்புறம்தான் எங்கள் ஃபிட்டர் அண்ணன் புதுக் கம்பியில் மைக்ரோமீட்டரை வைத்தார். 3.80! மற்ற அளவெல்லாம் அதேதான். விறைப்புக் கணக்கில் கம்பி விட்டம் நான்காம் அடுக்கில் (தன்னாலேயே நான்கு முறை பெருக்கி) வருவதால், 5 சதவீதக் குறைவு விறைப்பில் 19 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. 8-ஐ 0.81-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 6.5.

இன்னும் 2.5 மி.மீ. வாஷர் வைத்து அமுக்கலாம்தான். ஆனால் வால்வு முழுசாகத் திறக்கும்போது சுருள்கள் ஒட்டிவிடுமோ என்ற பயம் எனக்கு. 4 மி.மீ. கம்பியிலேயே புதிது சொல்லியிருக்கிறோம். சீட்டை அளக்கச் சொன்ன நண்பருக்கு நன்றி, அங்கிருந்துதான் கணக்கே தொடங்கியது.